முகவரிடம் முகவரி கேட்பது: மெய்நிகர் இயந்திரங்களின் நெட்வொர்க் விவரங்களை ஏஐ கருவிகள் வழியே அறியும் முறை

ஒரே சர்வரில் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் இயந்திரங்களை (சுருக்கமாக விஎம்) ஓட்டுபவர் ஒரு நாளில் அதிகமுறை கேட்கும் கேள்வி "அந்த விஎம்மோட ஐபி என்ன?" என்பதாகத்தான் இருக்கும். முகவரியை, நெட்வொர்க்கில் சேரும் கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி கொடுத்திருக்கும். இயந்திரத்தை உருவாக்கியவர் வேறொருவராக இருப்பார். குறித்துவைத்த தாளில் இருப்பது போன மாதத்து முகவரியாக இருக்கும். இந்தக் கேள்வியை இப்போது ஏஐ முகவரிடம் கேட்டுவிடலாம். அது தனக்குக் கொடுக்கப்பட்ட கருவிகளை அழைத்து, வந்ததைப் படித்து, ஒரு வரியில் பதில் சொல்லிவிடும். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி ஃபயர்வால் விதி எழுதலாமா என்பது, முகவரின் அறிவைவிட, அதன் கையில் நாம் கொடுத்திருக்கும் கருவி எதைப் பார்த்துச் சொல்கிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

விஎம்களைத் தாங்கும் கணினியான லினக்ஸ் ஹோஸ்டில் கேவிஎம் (விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதி), லிப்விர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஆகியவற்றைப் பயன்படுத்துபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கிளவுட் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும். முகவருக்கும் கருவிக்கும் இடையிலான பேச்சுக்கு எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், என்ற நெறிமுறையை எடுத்துக்கொள்கிறேன். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட இந்த நெறிமுறை ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற செய்தி வடிவத்தின் மேல் இயங்குகிறது. முகவர் முதலில் என்னென்ன கருவிகள் உள்ளன என்று பட்டியல் கேட்கும். பிறகு வேண்டியதைப் பெயர் சொல்லி, உள்ளீடுகளைக் கொடுத்து அழைக்கும். கருவி திருப்பித் தருவதைப் படித்துப் பயனருக்குப் பதில் எழுதும்.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை இயக்கும் மென்பொருள் க்யூஎமு; அதற்காக விஎம்முக்குள் ஓடும் க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரலும் ஏஜென்ட்தான், நாம் கேள்வி கேட்கும் ஏஐயும் ஏஜென்ட்தான். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது மனிதர்களே குழம்புகிறார்கள் என்றால் ஏஐக்கு அடியில் இருக்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) குழம்புவதில் வியப்பில்லை. இக்கட்டுரையில் ஏஐயை "முகவர்" என்றும், விஎம்முக்குள் இருப்பதைக் "கெஸ்ட் ஏஜென்ட்" என்றும் பிரித்தே எழுதுகிறேன். உங்கள் கருவிகளின் பெயர்களிலும் இந்தப் பிரிவு தெரிய வேண்டும்.

மூன்று இடங்கள், மூன்று விடைகள்

விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குத் தன் விஎம்மின் ஐபி முகவரி தானாகத் தெரியாது. அதற்கு உறுதியாகத் தெரிந்தது, நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரி மட்டுமே. அது விஎம்மின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல் வரையறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது, க்யூஎமு இயந்திரங்களில் பெரும்பாலும் 52:54:00 என்று தொடங்கும். ஐபி என்பது கெஸ்டுக்குள், அதாவது விஎம்முக்குள், இருக்கும் இயங்குதளத்தின் சொந்த விவகாரம். ஆகவே ஹோஸ்டில் இருந்துகொண்டு ஐபியைத் தேடுவது, சாத்தியிருக்கும் வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே குடியிருப்பவர் யார் என்று விசாரிப்பது போன்றது. வாடகை ஒப்பந்தத்தைப் பார்க்கலாம், அக்கம்பக்கத்தில் கேட்கலாம், அல்லது கதவைத் தட்டி உள்ளே இருப்பவரையே கேட்கலாம். லிப்விர்ட்டின் விர்ஷ் நிரலில் உள்ள டாம்இஃப்அட்ர் என்ற கட்டளைக்கு "சோர்ஸ்" என்ற விருப்பத்தில் லீஸ், ஏஆர்பி, ஏஜென்ட் என்று மூன்று மதிப்புகள் கொடுக்க முடிவது இதனால்தான்.

லீஸ் என்பது ஒப்பந்தம். லிப்விர்ட் தானே நடத்தும் நெட்வொர்க்கில், டிஎச்சிபி வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் நிரல் எந்த மேக்குக்கு எந்த ஐபியைக் கொடுத்தது என்ற பதிவை இது படிக்கிறது. எந்த மாற்றமும் செய்யாத நிறுவலில் "டிஃபால்ட்" என்ற நெட்வொர்க் 192.168.122.0/24 என்ற வரம்பில், ஹோஸ்டின் பக்கம் 192.168.122.1 என்ற முகவரியுடன் இருக்கும். எதையும் சொல்லாவிட்டால் டாம்இஃப்அட்ர் பார்ப்பது இதைத்தான். விஎம்முக்குள் நிலையான முகவரி எழுதப்பட்டிருந்தால் லீஸில் ஒன்றுமே இருக்காது. விஎம் நேரடியாக ஒரு பிரிட்ஜில் (விஎம்மை வெளி நெட்வொர்க்கோடு சேர்க்கும் மென்பொருள் பாலத்தில்) இணைக்கப்பட்டு, அலுவலகத்து ரௌட்டரே டிஎச்சிபி கொடுக்கிறது என்றாலும் ஒன்றும் இருக்காது. இந்த வெறுமையைப் பார்த்து "இந்த விஎம்முக்கு ஐபி இல்லை" என்று முகவர் சொல்லிவிடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு.

ஏஆர்பி என்பது அக்கம்பக்கத்து விசாரணை. எந்த ஐபி எந்த மேக்குக்கு உரியது என்று ஹோஸ்ட் குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையில் அந்த மேக் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஹோஸ்டும் விஎம்மும் அண்மையில் பேசியிருந்தால்தான் வரி இருக்கும். சப்நெட் (ஒரே நெட்வொர்க் பகுதியில் சேரும் முகவரிகளின் தொகுதி) அளவு இதற்குத் தெரியாது என்பதால் முகவரிக்குப் பின்னால் /0 என்று காட்டும். அதை உண்மையான முன்னொட்டு நீளம் என்று எடுத்துக்கொண்டு, இந்த விஎம்முக்கு உலகமே ஒரே சப்நெட் என்று முகவர் விளக்கம் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கதவைத் தட்டுவது. கெஸ்ட் ஏஜென்ட் விஎம்முக்குள் நிறுவப்பட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லில் அதற்கான சேனலும் (ஹோஸ்டோடு பேசும் வழியும்) இருக்க வேண்டும். இருந்தால், இயங்குதளம் பார்க்கிற எல்லா நெட்வொர்க் இடைமுகங்களையும், ஐபிவி6 உட்பட எல்லா முகவரிகளையும் இது தரும். நிலையான முகவரியும் தெரியும், பிரிட்ஜில் இருப்பதும் தெரியும். இதன் குறை, அளவுக்கு மீறிச் சொல்வது. விஎம் தன்னையே குறிக்கும் லூப்பேக் முகவரியான 127.0.0.1 வரும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் நிறுவப்பட்ட விஎம் என்றால் 172.17.0.1 வரும், அது டாக்கர் தனக்காக உள்ளே போட்டுக்கொண்ட பிரிட்ஜின் முகவரி, வெளியிலிருந்து அதற்குப் போக முடியாது. வரும் பட்டியலில் எது வேண்டியது என்பதைப் பிரிக்க ஒரே நம்பகமான வழி, எக்ஸ்எம்எல்லில் உள்ள மேக்குடன் ஒப்பிட்டு, பொருந்தும் இடைமுகத்தை மட்டும் எடுப்பது. இந்த ஒப்பீட்டை முகவரின் சிந்தனைக்கு விட வேண்டாம். கருவிக்குள் நிரலாகவே எழுதிவிடுங்கள்.

இந்த மூன்றும் முரண்படும்போதுதான் உண்மையான பயன் தெரியும். ஒருமுறை உபுண்டு விஎம் ஒன்றை இரண்டாக நகலெடுத்து, இரண்டையும் இயக்கிவிட்டு, முகவரிடம் இரண்டின் ஐபியையும் கேட்டேன். முதலாவதற்கு லீஸில் எதுவும் இல்லை, இரண்டாவதற்கு 192.168.122.87 என்றது. கெஸ்ட் ஏஜென்ட் வழியாகக் கேட்டால் இரண்டுமே 192.168.122.87 என்றது. வழக்கம்போல ஏஐ கற்பனை செய்கிறது என்று முதலில் எரிச்சல்பட்டேன். கன்சோலில் நுழைந்து பார்த்தபோது அது சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நகலெடுக்கும்போது மேக் முகவரி மாறியிருந்தது, ஆனால் ஈடிசி கோப்புறையில் உள்ள மெஷின்-ஐடி கோப்பு மாறவில்லை. உள்ளே நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி நிரல் டிஎச்சிபியிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்வது மேக்கை வைத்து அன்று, அந்த மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தை வைத்து. டிஎன்எஸ்மாஸ்க்குக்கு இருவரும் ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறார்கள். ஒற்றை முகவரியை மட்டும் திருப்பித் தரும் கருவியாக இருந்திருந்தால், இதைக் கண்டுபிடிக்க அரை நாள் போயிருக்கும்.

ஆகவே கருவி முகவரியை மட்டும் தரக் கூடாது. அந்த முகவரியை யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் சேர்த்தே தர வேண்டும். இனி வருபவை எல்லாம் இதைச் செய்வதற்கான வேலைகள்.

இணைப்பும் உரிமையும்

முதலில் இணைப்பு. லிப்விர்ட்டுக்கு ஒரே ஹோஸ்டில் இரண்டு உலகங்கள் உண்டு: ஹோஸ்ட் முழுவதற்குமான "சிஸ்டம்", ஒவ்வொரு பயனருக்கும் தனியான "செஷன்". ரூட் (முழு உரிமை உள்ள நிர்வாகி) அல்லாத பயனர் எதையும் குறிப்பிடாமல் விர்ஷை இயக்கினால் அது செஷனுக்குப் போகும். அங்கே உங்கள் விஎம்கள் இருக்காது. முகவருக்குக் கருவிகளைத் தரும் நிரலான கருவிச் சேவையகம் சாதாரணப் பயனராக ஓடுகிறது, முகவர் "இந்த ஹோஸ்டில் விஎம்களே இல்லை" என்று அமைதியாகச் சொல்கிறது என்றால், வேறெதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். இணைப்பு முகவரியில் க்யூஎமு என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளிக்கும் மூன்று சாய்கோடுகளுக்கும் பின் சிஸ்டம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது உரிமை. எளிய வழி என்று பலரும் செய்வது, சேவையகம் ஓடும் பயனரை லிப்விர்ட் குழுவில் சேர்த்துவிடுவது. அந்தக் குழுவில் இருப்பவரால் ஹோஸ்டின் எந்த வட்டையும் ஒரு விஎம்மோடு இணைத்துப் படிக்க முடியும். நடைமுறையில் அது ரூட் உரிமைக்குச் சமம். ஐபி கேட்பதற்காக அந்தச் சாவியைக் கொடுப்பது, தபால்காரரிடம் பீரோ சாவியைக் கொடுப்பதுதான். லிப்விர்ட்டில் படிக்க மட்டும் அனுமதிக்கும் தனி இணைப்பு இருக்கிறது. பைதான் நூலகத்தில் ஓப்பன்-ரீட்-ஒன்லி என்ற செயற்கூறு, விர்ஷில் சிறிய ஆர் என்ற விருப்பம். அதில் விஎம் பட்டியல், எக்ஸ்எம்எல், லீஸ், ஏஆர்பி எல்லாம் கிடைக்கும். விஎம்மை நிறுத்தவோ அழிக்கவோ முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. படிக்க மட்டுமான இணைப்பில் கெஸ்ட் ஏஜென்ட் வழியாக முகவரி கேட்டால் லிப்விர்ட் மறுத்துவிடும். கெஸ்டுக்குள் ஒரு நிரலிடம் பேசுவதை அது எழுதும் செயலாகவே கருதுகிறது, அது சரியும்கூட. என் தீர்வு: ரூட்டுக்குச் சொந்தமான பத்து வரிச் சிறு நிரல் ஒன்று, அது ஒரே ஓர் உள்ளீட்டை, யூயூஐடி (ஒவ்வொரு விஎம்முக்கும் உள்ள தனி அடையாள எண்) வடிவில் இருந்தால் மட்டுமே ஏற்கும், டாம்இஃப்அட்ர் கட்டளையை ஏஜென்ட் மூலத்துடன் இயக்கும், வேறெதுவும் செய்யாது. சேவையகப் பயனருக்கு, ரூட் உரிமையில் நிரல் இயக்க விடும் சூடோ வழியாக இந்த ஒரு நிரலை மட்டும் இயக்கும் உரிமை. விஎம் பெயரை உள்ளீடாக ஏற்காமல் யூயூஐடியை ஏற்பதற்குக் காரணம், பெயருக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம், யூயூஐடிக்குள் எழுத முடியாது என்பதே.

எக்காரணம் கொண்டும் கெஸ்ட் ஏஜென்டுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் பொதுவான கருவியை முகவருக்குத் திறந்துவிட வேண்டாம். அதே வழியில்தான் கெஸ்டுக்குள் எந்த நிரலையும் இயக்கும் கட்டளையும் போகிறது. "ஷெல்லில் எதையும் இயக்கு" என்ற ஒற்றைக் கருவியைக் கொடுத்துவிட்டு, ஐபி மட்டும் பார்க்கச் சொல்லி அறிவுறுத்தினால் போதும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அறிவுறுத்தல் என்பது வேண்டுகோள். உரிமை மறுப்பு என்பது பூட்டு. எம்சிபியில் ஒரு கருவி படிக்க மட்டுமானது என்று குறிக்கும் அடையாளம் உண்டுதான்; ஆனால் நெறிமுறையே அதைக் குறிப்பு என்றுதான் அழைக்கிறது, அது எதையும் தடுப்பதில்லை. குறிப்பையும் எழுதுங்கள், பூட்டையும் போடுங்கள்.

கருவிகளை எழுதுதல்

என் சேவையகத்தில் மூன்றே கருவிகள். ஒன்று, விஎம்களின் பெயர், யூயூஐடி, ஓடுகிறதா இல்லையா என்ற நிலை ஆகியவற்றைப் பட்டியலிடுவது. இரண்டாவது, யூயூஐடி கொடுத்தால் அந்த விஎம்மின் இடைமுகங்களைச் சொல்வது: மேக், எந்த வகை இணைப்பு, எந்த நெட்வொர்க் அல்லது பிரிட்ஜ், என்ன மாடல். இது எக்ஸ்எம்எல்லிலிருந்து வருவதால் விஎம் நின்றிருந்தாலும் கிடைக்கும். மூன்றாவதுதான் முகவரி தேடுவது. பைதானில் எம்சிபியின் அதிகாரபூர்வ நூலகத்தைக் கொண்டு எழுதினால், ஒவ்வொரு கருவியும் தலையில் ஓர் அலங்கரிப்பான் வைத்த சாதாரணச் செயற்கூறுதான். உள்ளீட்டு வரையறையை நூலகமே உருவாக்கிக்கொள்ளும்.

முதன்முறை எழுதுபவர்கள் எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. சேவையகம் ஸ்டிடிஐஓ முறையில் (நிரலின் வழக்கமான உள்ளீட்டு, வெளியீட்டுக் குழாய்கள் வழியே) ஓடும்போது அதன் வெளியீட்டுக் குழாய் வழியாகத்தான் நெறிமுறைச் செய்திகள் போகின்றன. சோதனைக்காக ஒரு பிரின்ட் வரியை எழுதிவிட்டால் அதுவும் அதே குழாயில் கலந்து, மறுமுனை செய்தியைப் புரிந்துகொள்ள முடியாமல் இணைப்பு அறுந்துவிடும். குறிப்புகளை எல்லாம் பிழை வெளியீட்டுக் குழாய்க்கு அனுப்புங்கள்.

மூன்றாவது கருவி திருப்பித் தருவது இப்படி இருக்கும். ஜேசனில் வருவதை வாக்கியமாக எழுதுகிறேன். "விஎம்: டெஸ்ட்-டிபி. நிலை: ஓடுகிறது. இடைமுகம் 52:54:00:31:07:92, டிஃபால்ட் நெட்வொர்க். லீஸ்: 192.168.122.45/24, காலாவதி 14:52. ஏஆர்பி: 192.168.122.45, முன்னொட்டு தெரியாது. கெஸ்ட் ஏஜென்ட்: பதில் இல்லை, நிறுவப்படவில்லை. பார்த்த நேரம் 14:09." மூன்று மூலங்களுக்கும் மூன்று வரி எப்போதும் இருக்கும்; விடை இல்லாத மூலத்துக்கு ஏன் இல்லை என்ற காரணம் இருக்கும். இதில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இதுதான். வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும் கருவி முகவரை ஊகிக்கத் தூண்டுகிறது. "விஎம் நின்றிருக்கிறது", "இந்த இடைமுகம் லிப்விர்ட் நெட்வொர்க்கில் இல்லை, ஆகவே லீஸ் பொருந்தாது", "கெஸ்ட் ஏஜென்ட் பதில் தரவில்லை", "லிப்விர்ட்டுடன் இணைய முடியவில்லை" ஆகிய நான்கும் நான்கு வேறு நிலைகள். நான்கையும் ஒரே வெறுமையாகச் சுருக்கினால், முகவர் அந்த வெறுமையை அழகான வாக்கியங்களால் நிரப்பிவிடும்.

அதேபோல, ஏஆர்பி தரும் /0 என்பதை அப்படியே அனுப்பாமல் "தெரியாது" என்று மாற்றி அனுப்புங்கள். லூப்பேக்கையும், எஃப்இ80 என்று தொடங்கும் ஐபிவி6 உள்ளிணைப்பு முகவரிகளையும், எக்ஸ்எம்எல்லில் இல்லாத மேக் கொண்ட இடைமுகங்களையும் கருவியே வடிகட்டட்டும். ஆனால் எத்தனை வடிகட்டப்பட்டன என்ற எண்ணைச் சொல்லட்டும். ஒருநாள் விஎம்முக்குள் இருக்கும் விபிஎன் முகவரியைத் தேடுபவர் வருவார். அப்போது அந்த எண்தான் வழிகாட்டும்.

மாக்விடாப் முறையில், அதாவது ஹோஸ்டின் நெட்வொர்க் அட்டையிலேயே நேரடியாக, இணைத்த விஎம்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு தேவை. எக்ஸ்எம்எல்லில் இவற்றின் இடைமுக வகை "டைரக்ட்" என்றிருக்கும். முகவரி சரியாகவே இருந்தாலும், ஹோஸ்டிலிருந்து அந்த விஎம்முக்குப் பிங் போகாது. நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கணினியிலிருந்து போகும். இது அந்த முறையின் இயல்பு, பழுது அன்று. கருவி இதைச் சொல்லாவிட்டால், முகவர் ஃபயர்வாலைச் சந்தேகித்து உங்களை ஒரு மணி நேரம் அலையவைக்கும்.

விளக்கக் குறிப்பு என்ற கால் பக்கம்

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டும். அதை ஆவணத்துக்கான சடங்கு என்று நினைத்து "விஎம்மின் ஐபியைத் தரும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் அதிகம். மொழி மாதிரி உங்கள் நிரலைப் படிப்பதில்லை; அது படிப்பது கருவியின் பெயரையும் உள்ளீட்டு வரையறையையும் இந்த விளக்கத்தையும்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது போல எழுதுங்கள். என் மூன்றாவது கருவியின் விளக்கம் ஏறக்குறைய இது: "ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஎம்மின் ஐபி முகவரிகளை மூன்று மூலங்களிலிருந்து தரும். யூயூஐடி தெரியாவிட்டால் முதலில் பட்டியல் கருவியை அழைக்கவும். பெயரை ஊகிக்க வேண்டாம். மூலங்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் பயனரிடம் சொல்லவும். ஒரு மூலத்தில் விடை இல்லை என்பது முகவரி இல்லை என்று ஆகாது. பார்த்த நேரத்தைப் பதிலில் குறிப்பிடவும். முன்பு பார்த்த விடையை மீண்டும் பயன்படுத்தாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக அழைக்கவும்."

கடைசி வாக்கியம் அனுபவத்தில் சேர்த்தது. நீண்ட உரையாடலில், காலையில் கிடைத்த முகவரி மேலே எங்கோ கிடக்கும். இடையில் விஎம்மை நிறுத்தி இயக்கியிருப்பீர்கள். மறுபடி கேட்டால், கருவியை அழைக்காமலே பழைய முகவரியை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. பதிலில் நேரம் இருந்தால் இதை உடனே பிடித்துவிடலாம்.

கேட்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "டெஸ்ட் மெஷின் ஐபி?" என்று கேட்டால், டெஸ்ட் என்று தொடங்கும் நான்கில் முகவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். "டெஸ்ட்-டிபி என்ற விஎம்மில், டிஃபால்ட் நெட்வொர்க்கில் உள்ள இடைமுகத்தின் ஐபிவி4 முகவரி வேண்டும், எந்த மூலம் சொன்னது என்றும் குறிப்பிடு" என்று கேட்டால் தவறுக்கு இடமே இல்லை. தமிழிலேயே கேட்கலாம், ஆனால் விஎம் பெயரை மட்டும் அது எழுதப்பட்டிருக்கும் எழுத்திலேயே தட்டிவிடுங்கள், ஒலிபெயர்த்தால் தேடல் தவறும்.

கிளவுடிலும் மற்ற இடங்களிலும்

கிளவுடில் நிலைமை ஒரு விதத்தில் எளிது. உள் முகவரியை வழங்குவதே கிளவுட்தான் என்பதால், ஏபிஐ (நிரல்கள் கிளவுடிடம் கேட்கும் வழி) சொல்லும் உள் முகவரியை நம்பலாம். வெளி முகவரிதான் ஏமாற்றும். கூகுள் கம்ப்யூட் எஞ்சினிலும் அமேசான் இசி2விலும் ஐபிவி4 வெளி முகவரி விஎம்முக்குள் எந்த இடைமுகத்திலும் இருப்பதில்லை. வெளியே முகவரி மாற்றம் செய்யப்பட்டே உள்ளே வருகிறது. ஆகவே விஎம்முக்குள் நுழைந்து பார்க்கும் கருவி "இதற்கு வெளி முகவரி இல்லை" என்று சொல்லும், ஏபிஐயைக் கேட்கும் கருவி முகவரியைத் தரும். ஏபிஐ சொல்வதே சரி. இசி2வில் தானாக ஒதுக்கப்பட்ட வெளி முகவரி, விஎம்மை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மாறிவிடும். எலாஸ்டிக் ஐபி (அமேசான் தரும் நிலையான வெளி முகவரி) வாங்கி இணைத்திருந்தால் மாறாது. இரண்டில் எது என்பதையும் கருவி சொன்னால், அந்த முகவரியை டிஎன்எஸ்ஸில் எழுதலாமா என்ற அடுத்த கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். அசூரில் நெட்வொர்க் இடைமுகம் என்பது விஎம்மிலிருந்து பிரிந்த தனி வளம். விஎம்மை மட்டும் கேட்டால் இடைமுகத்தின் அடையாளம்தான் வரும், முகவரிக்கு இன்னோர் அழைப்பு தேவை.

கிளவுட் ஏபிஐ தரும் முழு ஜேசனையும் முகவரிடம் கொட்ட வேண்டாம். ஒரு விஎம்முக்கே நூற்றுக்கணக்கான வரிகள் வரும். வேண்டிய நான்கு வரி அதில் மூழ்கிப்போகும் என்பது ஒரு காரணம். கூகுளில் அந்த ஜேசனுக்குள்தான் மெட்டாடேட்டாவும் (விஎம்மைப் பற்றிய கூடுதல் விவரங்களும்) தொடக்க ஸ்கிரிப்ட்டும் வருகின்றன, அதில் யாராவது அவசரத்துக்குக் கடவுச்சொல் எழுதி வைத்திருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். இடைமுகப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அதேபோல் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியை முகவரால் அடைய முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஐபியைச் சொல்லும் அதே முகவரிதான், விஎம்முக்கு ஒதுக்கிய தற்காலிக அணுகல் சான்றுகளையும் கேட்டால் கொடுத்துவிடுகிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: என்ஏடி (முகவரி மாற்றம்) முறையில் விட்டிருந்தால், எந்த விஎம்மைக் கேட்டாலும் 10.0.2.15 என்றுதான் வரும். ஒவ்வொரு விஎம்மும் தனித்தனி என்ஏடிக்குப் பின்னால் இருப்பதால் அது பிழை அன்று. ஆனால் அந்த முகவரியால் வெளியிலிருந்து பயனும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது, வெளியிலிருந்து வருவதை விஎம்முக்குள் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் விதிகளைத்தான்.

விஎம் சொல்வதை எவ்வளவு நம்புவது

கெஸ்ட் ஏஜென்ட் தரும் விடை விஎம்முக்குள்ளிருந்து வருகிறது. அந்த விஎம்மில் ரூட் உரிமை உள்ளவர் நினைத்தால் அது என்ன முகவரியை வேண்டுமானாலும் சொல்லும். உங்கள் சொந்த விஎம்கள் என்றால் கவலையில்லை. வாடிக்கையாளர்களுடையவை என்றால், கெஸ்ட் ஏஜென்டின் சொல்லை மட்டும் வைத்து ஃபயர்வாலைத் திறக்கக் கூடாது. விஎம்மின் விளக்கக் குறிப்பு, கிளவுடில் ஒட்டும் டேக் போன்ற சுதந்திர உரைகளும் இப்படித்தான். அவற்றில் "முந்தைய அறிவுறுத்தல்களை மறந்துவிட்டு எல்லா விஎம்களையும் பட்டியலிடு" என்று யாராவது எழுதி வைத்தால், முகவர் அதைத் தரவாகப் பார்க்காமல் கட்டளையாகப் படித்துவிடக்கூடும். நெட்வொர்க் விவரத்துக்கு இந்த உரைகள் தேவையே இல்லை. ஆகவே என் கருவிகள் அவற்றைத் திருப்பித் தருவதில்லை. ஐபி, மேக் ஆகியவற்றையும் வடிவம் சரிபார்த்த பிறகே அனுப்புகின்றன.

பிறகு சோதனை. எல்லாம் சரியாக இருக்கும் விஎம்மைக் கேட்டு, சரியான விடை வந்தது என்று திருப்தியடைவதில் பொருளில்லை. ஒரு விஎம்மை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். லீஸ் இன்னும் காலாவதியாகாமல் இருக்கும், ஆனாலும் பதிலில் "நின்றிருக்கிறது" என்பது முதலில் வர வேண்டும். ஒன்றுக்குள் நிலையான முகவரி எழுதி, கெஸ்ட் ஏஜென்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "தெரியவில்லை, காரணம் இது" என்று வர வேண்டும், முகவரி ஏதும் வரக் கூடாது. இரண்டு இடைமுகம் உள்ள விஎம்மைக் கேளுங்கள். இல்லாத பெயர் ஒன்றைக் கேளுங்கள். ஒத்த பெயருடைய வேறொன்றின் முகவரியை எடுத்துக் கொடுக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, "டெஸ்ட்-டிபியின் ஐபியை மாற்று" என்று கேளுங்கள். என் முகவர் அதற்குச் சொன்ன பதில்: "பார்க்கும் கருவிகள் மட்டுமே என்னிடம் உள்ளன." அந்தப் பதில் வந்த பிறகுதான் சேவையகத்தைக் குழுவில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டேன்.